ஐந்து காசும் ஒரு குடமும்

பலர் தாமே விரும்பி ஒன்றுகூடி நடத்தும் எந்தப் பொதுப்பணியிலும் முதல் ஆண்டு இனிதாகக் கழிந்துவிடும். அது நூலகக் குழுவாயினும் சரி, இலக்கிய வட்டமாயினும் சரி, கோயில் திருப்பணிக் குழுவாயினும் சரி. அனைவரும் நண்பர்கள்; நண்பர்களுக்குள் விதிகள் எதற்கு என்ற எண்ணமே மேலோங்கி நிற்கும். இரண்டாம் ஆண்டில்தான் முதற்பூசல் எழும். அப்போது மூன்று கேள்விகள் அடுத்தடுத்து முன்வந்து நிற்கும். முடிவெடுப்பவர் யார்? எடுத்த முடிவுக்கு ஓயாமல் முட்டுக்கட்டை இடுபவரை என்ன செய்வது? பொறுப்பில் இருந்தவர் கணக்குக் காட்ட மறுத்தால் அவருக்கு என்ன வழி? ஊதியத்துக்குப் பணிபுரிபவரை வேலையிலிருந்து நீக்கிவிடலாம். விரும்பி வந்தவரை என்ன செய்வது?

இக்கேள்விகளுக்கு நம் முன்னோர் சிலர் தந்த விடைகள் கல்வெட்டுகளாக இன்றும் நின்றுகொண்டிருக்கின்றன. அவற்றுள் இரு ஊர்களின் கல்வெட்டுகளை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கிறோம். ஒன்று திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோயில் செல்லும் வழியிலுள்ள மானூர். மற்றொன்று காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூர். மானூரை அறிந்தவர் சிலரே. உத்தரமேரூரை அறியாதவர் இலர். 'குடவோலை முறை' என்பதைப் பள்ளிப் பருவத்திலேயே நம்மவர் மனப்பாடம் செய்துவிடுகின்றனர். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. 'உலகின் முதல் மக்களாட்சி' என்று ஒரு மாலையைச் சூட்டிவிட்டு அக்கல்வெட்டைப் படிக்காமலேயே நகர்ந்துவிடுகிறோம். பெருமையைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, சண்டையிட்டுக்கொண்ட மனிதர்கள் தமக்குத் தாமே எழுதிக்கொண்ட விதிகளாக அவற்றைப் படித்துப் பார்ப்போம்.

மானூரின் ஐந்து காசு

மானூர்க் கல்வெட்டு பாண்டியன் மாறஞ்சடையனின் 35-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, ஏறக்குறைய பொ.ஆ. 800 என அறிஞர்கள் காலம் கணிப்பர். அவ்வூர் பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பெற்ற பிரமதேயம். ஊர் நிலத்தில் பங்குடையோர் கூடும் அவைக்குச் சபை என்று பெயர். அச்சபையில் அமர்ந்து பேசும் உரிமை எவருக்கு உண்டு என்பதே கல்வெட்டின் பொருள்.

பங்குடையோரின் மக்கள் அனைவரும் சபைக்கு வந்துவிட முடியாது. ஒரு பங்குக்கு ஒருவரே வரலாம். அவரும் நன்னடத்தை உடையவராக, மந்திர பிராமணத்தோடு ஒரு தரும நூலையும் கற்றுத் தேர்ந்தவராக இருக்க வேண்டும். பங்கை விலைக்கு வாங்கியவருக்கும், கொடையாகவோ சீதனமாகவோ பெற்றவருக்கும் இதே விதிதான். கால், அரை, முக்கால் என்ற அரைகுறை உறுப்புரிமையும் இனி இல்லை. ஊரில் நிலங்கள் கைமாறிக்கொண்டிருந்ததையும், புதிதாக வந்தவர்களுக்கும் பழையவர்களுக்கும் இடையே உரசல் இருந்ததையும் இவ்விதிகளின் வழியே நாம் உணரலாம். உரசல் இல்லாத இடத்தில் கால் உரிமை, அரை உரிமை என்ற பேச்சே எழாது.

இவற்றையெல்லாம்விட நம்மை ஈர்ப்பது இறுதியில் வரும் ஒரு விதி. சபைக்கு வரும் ஒவ்வொன்றுக்கும் 'அன்று, அன்று' என்று மறுத்துத் தடை செய்வோருக்கு, அவ்வாறு தடை செய்த காரியம் ஒவ்வொன்றுக்கும் ஐந்து காசு தண்டம். அவர்களுக்குத் துணை நிற்போருக்கும் அதே தண்டம். தண்டம் கட்டிய பின்னரும் அவர்கள் விதிக்குக் கட்டுப்பட்டே ஒழுக வேண்டும்.

ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அம்மனிதரை நாம் நன்கறிவோம். எந்தக் குழுவிலும் அவர் ஒருவர் இருப்பார். ஏரிக்கரையை உயர்த்தலாம் என்றால் வேண்டா என்பார். சரி, வேண்டா என்றால் ஏன் உயர்த்தவில்லை என்பார். கூட்டம் முடியும்போது ஒன்றும் முடிந்திராது. மானூர்ச் சபையார் எத்தனை கூட்டங்களை இவ்வாறு இழந்த பின்னர் இவ்விதியைக் கல்லில் வெட்டியிருப்பர் என்று எண்ணும்போது முறுவல் தோன்றுகிறது.

ஆயினும் முறுவலோடு நின்றுவிடலாகாது. இவ்விதியில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. தடை செய்யும் நோக்கில் 'அன்று' என்பவரையும், மனச்சான்றின் வழி நின்று 'அன்று' என்பவரையும் பிரித்தறிபவர் யார்? அதே சபைதான். அதாவது, எவரை எதிர்த்துப் பேசினாரோ அவர்களே அவருக்கு நடுவர்கள். துணை நின்றவருக்கும் தண்டம் என்பது இன்னும் கடுமையானது. தனியொருவரின் மறுப்பு வெறும் பிடிவாதமாக இருக்கலாம். இரண்டாமவர் ஒருவர் எழுந்து 'அவர் சொல்வதிலும் பொருள் உண்டு' என்னும்போதுதான் அது கருத்தாகிறது. மானூர் விதி அந்த இரண்டாமவரின் வாயையும் அடைத்துவிடக்கூடியது. ஒவ்வொன்றுக்கும் மறுப்பவரைப் பற்றியே விதி பேசுகிறது என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு காரியத்துக்கும் தனித்தனியே தண்டம் என்னும்போது, எத்தனையாவது மறுப்பிலிருந்து ஒருவர் 'ஒவ்வொன்றுக்கும் மறுப்பவர்' ஆகிறார்? நம் கருத்தில், மானூரார் நோயைச் சரியாகக் கண்டனர். மருந்தின் அளவில்தான் ஐயம்.

இரண்டாண்டில் இரண்டு சட்டங்கள்

குடமும் ஓலையும் நம் இலக்கியத்துக்குப் புதியவை அல்ல. அகநானூற்றின் 77-ஆம் பாடலில் மருதன் இளநாகனார் பாலை நிலத்துக் காட்சி ஒன்றைக் காட்டுகிறார். வீழ்ந்த வீரர்களின் குடரைப் பருந்து பற்றி இழுக்கிறது. அதற்கு அவர் கூறும் உவமை, கயிற்றால் கட்டப்பெற்ற குடத்தின் முத்திரையைச் சரிபார்த்து நீக்கி உள்ளிருக்கும் ஓலைகளை வெளியே எடுக்கும் ஆவண மாக்கள். இது தேர்தலைக் குறித்ததுதானா, வெறும் ஆவணப் பாதுகாப்பைக் குறித்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நமக்கு வேண்டியது வேறொன்று. திறப்பதற்கு முன் முத்திரையைப் பார்க்க வேண்டும் என்ற எச்சரிக்கை அக்காலத்திலேயே உவமையாகும் அளவுக்கு மக்களிடையே பழகியிருந்தது. இவ்வெச்சரிக்கை முழு வடிவம் பெற்றதை உத்தரமேரூரில் காண்கிறோம்.

உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று அவனது 12-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 919. மற்றொன்று 14-ஆம் ஆட்சியாண்டு, 921. இவை 1898-இல் படியெடுக்கப்பெற்றன. தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில் வெங்கையா இவற்றை விரிவாக வெளியிட்டார். பின்னர் நீலகண்ட சாத்திரியார் சோழர் ஆட்சிமுறை பற்றிய தம் ஆய்வில் இவற்றையும் மானூரையும் எடுத்து விளக்கினார்.

அன்பர்கள் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டும் ஒரே சபையின், ஒரே பொருள் பற்றிய விதிகள். ஊரின் வாரியங்களுக்கு ஆட்களைத் தேர்வது எப்படி என்பதே அப்பொருள். இடைவெளி இரண்டே ஆண்டுகள். நன்றாக நடந்துகொண்டிருக்கும் விதியை எவரும் இரண்டாண்டுக்குள் மாற்றிக் கல்லில் வெட்டுவதில்லை. கல்வெட்டுவது எளிய செலவும் அன்று. என்ன நடந்தது என்று சுவர் சொல்லவில்லை. ஆனால் எது மாறியது என்று சொல்கிறது. மாறிய இடங்களைத் தொட்டுப் பார்த்தால் எங்கே வலித்தது என்று தெரிகிறது.

முதலில் அகவை. 919-இல் முப்பதுக்கு மேல் அறுபதுக்குள் என்றிருந்தது, 921-இல் முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்றாயிற்று. இளையோர் சிலரை வெளியே நிறுத்தி, முதியோர் சிலரை உள்ளே அழைத்துக்கொண்டனர்.

அடுத்தது உறவு. 919-ஆம் ஆண்டு விதி, வாரியம் செய்து ஒழிந்தவர்களுக்கு நெருங்கிய உறவினர் அல்லாதாரே வரலாம் என்று பொதுவாகச் சொல்லிற்று. 'நெருங்கிய' என்பது எந்த ஊரிலும் சண்டைக்கு வித்திடும் சொல். மைத்துனன் நெருங்கியவனா? சிற்றன்னையின் மகன்? மாமன் மகன்? 921-இல் இந்த மழுப்பலுக்கு இடமில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் எவனோ அவனுக்கு இனி வாரியம் இல்லை என்று வெட்டியதோடு, அவனுடைய உறவினர் யார் யாருக்கு இல்லை என்பதையும் வரிசையாக எழுதினர். தாயின் தங்கை, தமக்கையரின் மக்கள், அத்தை மகன், மாமன் மகன், தாயுடன் பிறந்தான், தந்தையுடன் பிறந்தான், தன்னுடன் பிறந்தான், மாமனார், மனைவியுடன் பிறந்தான், உடன்பிறந்தாளை மணந்தவன், அவள் மக்கள், மருமகன், தந்தை, மகன். இப்பட்டியலைப் படிக்கும்போது, ஒவ்வொரு உறவுமுறைக்குப் பின்னும் 'இதில் நான் அடங்கேன்' என்று வாதாடிய ஒருவர் நிற்பதாகவே நமக்குத் தோன்றுகிறது.

விதி எழுதும் கலையின் ஒரு பாடம் இங்கே கிடைக்கிறது. நல்லெண்ணம் இருக்கும்வரை பொதுச்சொல் போதும். நல்லெண்ணம் போன பிறகு, பொதுச்சொல் வலியவனின் கைக்கருவியாகிவிடும். பட்டியல் அழகற்றது, ஆனால் அது எளியவனுக்குத் துணை.

மேல்நோக்கி நின்ற நம்பி

921-ஆம் ஆண்டு விதி தேர்வு நடக்கும் முறையை வியப்புக்குரிய நுட்பத்தோடு விவரிக்கிறது. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிந்திருந்தது. குடும்பு என்பதை இன்றைய வார்டு போன்றதாகக் கொள்ளலாம். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராய், தம் மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவராய், மந்திர பிராமணம் கற்றவராய் இருப்போரின் பெயர்கள் ஓலை நறுக்குகளில் எழுதப்படும். கல்வியில் மிக்கவராயின் அரைக்கால் வேலி நிலமே போதும். கடந்த மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் பெயர் சேராது. ஒவ்வொரு குடும்பின் ஓலைகளும் வாயோலை பூட்டித் தனித்தனிக் கட்டாகக் கட்டப்பெற்று, முப்பது கட்டும் ஒரு குடத்தில் இடப்பெறும்.

சிறுவர் முதல் முதியோர் வரை மகாசபை நிரம்பக் கூட வேண்டும். அன்று ஊரிலிருக்கும் கோயில் நம்பிமார் ஒருவரும் ஒழியாமல் மண்டபத்தின் உள்ளே அமர வேண்டும். அவர்களுள் முதியவர் எழுந்து, எல்லா மக்களும் காணுமாறு குடத்தைத் தூக்கிப் பிடித்து, மேல்நோக்கி நிற்பார். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அக்கட்டு அவிழ்க்கப்பெற்று வேறொரு குடத்தில் இட்டுக் குலைக்கப்படும். அதிலிருந்து ஓர் ஓலையை அச்சிறுவன் எடுத்து மத்தியஸ்தனிடம் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்குவான், வாங்கியதை வாசிப்பான். பிறகு உள்ளே அமர்ந்த நம்பிமார் எல்லோரும் அதே ஓலையை வாசிப்பர். அதன் பின்னரே அப்பெயர் எழுதப்படும். குடும்புக்கு ஒருவராக முப்பது பெயர்கள் இவ்வாறு கிடைக்கும்.

ஒவ்வோர் அசைவும் ஓர் ஐயத்துக்கு விடை. குடத்தைப் பிடித்தவர் மேல்நோக்கி நிற்பதால் அவர் கண் ஓலையின்மேல் படாது. சிறுவனுக்கு எந்தப் பெயரும் பொருட்டன்று. விரல் விரித்த கையில் மற்றோர் ஓலையை ஒளித்துவைக்க இடமில்லை. ஒருவர் மட்டும் வாசித்தால் மாற்றி வாசித்துவிடலாம். பலர் வாசித்தால் அது அரிது. மத்தியஸ்தன் கள்வன் என்றோ, நம்பி பொய்யர் என்றோ இவ்விதி சொல்லவில்லை. எவரையும் அவமதிக்காமல் எவரையும் நம்ப வேண்டிய தேவையை அது நீக்கிவிடுகிறது. மானூர் விதி மனிதரின் குணத்தை நோக்கிக் கை நீட்டிற்று. உத்தரமேரூர் விதி கையை விரித்துக் காட்டு என்றது. இரண்டும் வேறு நாடுகளில், நூறாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியில் எழுந்தவை. ஒன்றிலிருந்து மற்றொன்று வளர்ந்தது என்று நாம் கூறவில்லை. பூசலைத் தடுக்க வல்லது எது என்று கேட்டால், இரண்டாவதையே சுட்டுவோம்.

தேர்ந்த முப்பதின்மரில், முன்பே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்களும், கல்வியாலும் அகவையாலும் மூத்தவர்களுமாகப் பன்னிருவர் சம்வற்சர வாரியம், அதாவது ஆண்டு வாரியம் ஆவர். எஞ்சியோரில் பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம். பணிக்காலம் முந்நூற்று அறுபது நாள். இடையில் குற்றம் கண்டால் அப்பொழுதே நீக்கம். பஞ்சவார வாரியத்துக்கும் பொன் வாரியத்துக்கும் குடவோலைதான். ஆனால் அங்கே கூடுதலாக இரு தடைகள். கழுதைமேல் ஏற்றப்பெற்றவனும் பொய்யோலை புனைந்தவனும் வர முடியாது. முன்னது, ஊரறியத் தண்டிக்கப்பட்டவன் என்பதைக் குறிக்கும். பொன் இருக்கும் இடத்தில் பூட்டு இரண்டு.

கழுவாய் வேறு, பொறுப்பு வேறு

இக்கல்வெட்டில் நம் நெஞ்சை அதிகம் தொட்ட பகுதி மற்றொன்று. தகாத உறவு கொண்டோர், ஊருக்குக் கேடு செய்தோர், உண்ணத் தகாதது உண்டோர் ஆகியோர் சாத்திரப்படி கழுவாய் செய்து தூயவராகலாம். ஆனால் தூயவரான பின்னரும், உயிர் உள்ளளவும், வாரியத்துக்கு அவர்கள் பெயர் எழுதப்படாது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது கொடுமையாகத் தெரியும். அக்குற்றங்களுள் சிலவற்றை, உணவு பற்றியதைப் போன்றவற்றை, இன்று நாம் குற்றமென்றே கருதமாட்டோம். ஆயினும் விதியின் அடியில் ஒரு கூரிய வேறுபாடு கிடக்கிறது. ஒருவரை மன்னித்து நம்மோடு சேர்த்துக்கொள்வது ஒன்று. பொதுப்பொருளை அவர் கையில் மீண்டும் ஒப்படைப்பது வேறொன்று. நம் குழுக்களில் பெரும்பாலான கசப்பு இவ்விரண்டையும் குழப்புவதால்தான் விளைகிறது. பொறுப்பைத் தர மறுத்தால் நட்பையே மறுத்ததாகக் கொள்கின்றனர். நட்பைக் காப்பதற்காகப் பொறுப்பைத் தருகின்றனர். பிறகு இரண்டையும் இழக்கின்றனர். சபையாரோ அவருக்குப் பந்தியில் இலை போட்டனர். ஓலையில் பெயர் எழுத மறுத்தனர்.

வெளியே நின்றவர்கள்

இத்தனையும் கூறிய பின்னர், குடத்தில் எவர் பெயர் இல்லை என்பதையும் கூற வேண்டும். இது பிரமதேய ஊர். சபை பிராமண நிலவுடைமையாளர்களின் சபை. வயலில் உழைத்தவர் பெயர் குடத்தில் இல்லை. பெண்கள் பெயர் இல்லை. நிலமற்ற, வேதம் கற்காத எவர் பெயரும் இல்லை. பிற ஊர்களில் 'ஊர்' என்ற அவையும் வணிகரிடையே 'நகரம்' என்ற அவையும் இருந்தன என்பது உண்மை. ஆயினும் அவற்றைக் காட்டி இக்குறையை மறைக்க முடியாது. ஏரி வாரியம் காத்த நீரை வயலுக்குப் பாய்ச்சியவருக்கு அவ்வாரியத்தைக் கேள்வி கேட்க வழியில்லை.

அரசனின் கையும் இதில் இருந்தது. 919-இல் தத்தனூர் மூவேந்த வேளானும், 921-இல் சோமாசிப் பெருமானும் அரசாணையோடு வந்து சபையாருடன் அமர்ந்திருக்கின்றனர். விதி சபையுடையது, முத்திரை அரசனுடையது. தம் பூசலைத் தாமே தீர்க்க இயலாதபோது வெளியிலிருந்து ஒருவரை வரவழைத்தனரா, அரசனே ஆளனுப்பினானா என்பது வாதத்துக்குரியது. எவ்வாறாயினும், முற்றிலும் தனித்து இயங்கிய குடியரசு என்று இதைக் கொண்டாடுவது கல்வெட்டுக்குப் பொருந்தாது.

'முதல்' என்ற பட்டமும் நிற்காது. ஏதென்சு நகரத்தார் ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே ஐந்நூற்றுவர் அவையைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தனர். முப்பது வயது நிரம்ப வேண்டும், ஓராண்டுப் பணி, வாழ்நாளில் இருமுறைக்கு மேல் இல்லை, பணி முடிந்ததும் கணக்கை ஒப்புவித்தாக வேண்டும். அங்கும் பெண்களும் அடிமைகளும் வெளியே நின்றனர். ஒருவரையொருவர் அறியாத இரு நாட்டார் சீட்டு, குறுகிய காலம், கணக்கு என்ற அதே மூன்றிடத்துக்கு வந்து சேர்ந்தனர் என்பதே முதன்மைப் பட்டத்தைவிட நமக்குப் பெரிதாகப் படுகிறது. தம்மைத் தாமே ஆளும் மனிதர்களுக்கு வாய்க்கும் நோய்கள் எங்கும் ஒன்றே போலும்.

விதியின் நோக்கத்தையும் சபையார் எழுதிவைத்தனர்: தீயவர் கெட்டு நல்லவர் தழைக்க வேண்டும். அதை எழுதியவர் ஊரின் மத்தியஸ்தர். சபையார் பணிக்க எழுதினேன் என்று தம் பெயரும் பொறித்திருக்கிறார். எழுதிய இடமும் கருதத்தக்கது. வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபமே சபை கூடிய இடம் என அறிஞர் கருதுவர். கணக்குக் காட்டாதவரும் அவர் மைத்துனரும் ஒவ்வொரு கூட்டத்திலும் அச்சுவரைக் கடந்துதான் உள்ளே வர வேண்டும். விதி எவர் பெட்டியிலும் பூட்டிக் கிடக்கவில்லை. எவர் நினைவையும் நம்பி இருக்கவில்லை.

உத்தரமேரூர் செல்லும் அன்பர்கள் கோபுரத்தையும் சிற்பத்தையும் கண்டு திரும்பிவிடாமல், அவ்வெழுத்துச் சுவரின் முன் கால் நாழிகை நிற்க வேண்டுகிறோம். அப்படியே மானூருக்கும் ஒருமுறை சென்று வரலாம். நாம் சார்ந்த குழு எதுவோ அதன் அடுத்த கூட்டத்தில், ஒருவர் எழுந்து 'அன்று' என்னும்போது, ஐந்து காசு கேட்பதற்கு முன் கணக்கேட்டை ஒருமுறை விரித்துக் காட்டிவிட்டால் பாதிப் பூசல் அங்கேயே தீர்ந்துவிடக்கூடும்.